ஈசானி மூலைத் தண்ணீர்

ராபர்ட்சன்பேட்டையில் இப்போது தெருத் தெருவாகப் புது வீடு எழும்புகிறது. அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடிக்கும் முன்பே மனையடி பார்க்கிறவர் வந்து நின்றுவிடுகிறார். வாழை எந்தப் பக்கம், துளசி எந்தப் பக்கம், முருங்கை வாசலில் நிற்கலாமா கூடாதா, தொட்டியில் எந்த நிற மீனை விட்டால் லட்சுமி உள்ளே வருவாள், எல்லாவற்றுக்கும் அவரிடம் விடை இருக்கிறது. அந்த இடத்து மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தாரா என்று மட்டும் கேட்காதீர்கள். கை அழுக்காகிவிடும்.

எனக்குப் பிறகு தங்கச் சுரங்கக் கம்பெனியின் பங்களாத் தோட்டங்களுக்கு மேஸ்திரியாக வந்த குப்புசாமி போன வாரம் என்னைத் தேடி வந்தான். "அண்ணே, எந்தச் செடியை எந்த மூலையில வெச்சா வீட்டுக்கு நல்லதுன்னு எல்லாரும் என்னைக் கேட்டுத் தொளைக்கிறாங்க. நீங்க பெரியவங்க. ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க, காட்டிக்கிறேன்" என்றான். மிஷன் பள்ளியில் படித்த நாலெழுத்து எனக்கு இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். ஆனால் அவன் கேட்டதை அல்ல.

நான் குடியாத்தம் பக்கத்து ஆள். சித்தப்பா இங்கே சுரங்கத்து ஷாஃப்டில் வேலை செய்தார். மீசை முளைத்ததும் என்னையும் இறக்கப் பார்த்தார். ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டில், அந்தக் கேஜில், ஒரே ஒரு தடவை இறங்கினேன். வயிறு மேலேயே நின்றுவிட்டது, நான் மட்டும் கீழே போனேன். திரும்ப வெளிச்சத்துக்கு வந்ததும், மலம் அள்ளச் சொன்னாலும் சரி, ஆகாயம் தெரிகிற இடமாகப் போடுங்கள் என்று கும்பிட்டேன். தோட்டத்தில் போட்டார்கள். கூலியாள், தண்ணீர் ஊற்றுகிறவன், பிறகு மேஸ்திரி. இதைச் சொல்ல இதற்கு மேல் வார்த்தை தேவையில்லை.

ஆனால் குழி போடுகிற முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற ஊரில் மரம் நட மண்வெட்டி போதும். எங்கள் ஊரில் வெடி வேண்டும். ஒரு முழம் தோண்டினால் பாறை சிரிக்கும். ஒருவன் உளிக்கம்பியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, இன்னொருவன் சம்மட்டியால் அடிப்பான். துளை போதுமான ஆழம் போனதும் மருந்து வைத்து, களிமண்ணால் அடைத்து, திரியைக் கொளுத்திவிட்டு ஓடுவோம். புகை அடங்கியதும் கல்லை வாரி வெளியே போட்டால் மார்பளவுக் குழி. உடனே நட்டுவிட முடியாது. முதலில் குழி நிறையத் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்து, அது எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இறங்காமல் நின்றால் அது குழி இல்லை, வேரை அழுக வைக்கிற தொட்டி. அடியில் இன்னொரு சின்ன வெடி வைத்துப் பாறையை விரிசல் விட வேண்டும். அதன் பிறகு உடைந்த சில்லு, அதன்மேல் ஏரி வண்டல், சாம்பல், மக்கிய சாணி. மருந்து வாடை அடியோடு போனபிறகுதான் கன்று. இவ்வளவும் செய்து வளர்த்த மரத்தின் இலைமேல் கல் அரைக்கிற மில்லிலிருந்து வெள்ளைத் தூசி வந்து படியும். தினம் காலையில் பங்களாவின் குளியல் தண்ணீரைக் கொண்டுபோய் இலை இலையாகக் கழுவ வேண்டும். தென்றல் வீசுகிற பக்கமாக மனோரஞ்சிதம் வைத்தால் மனசு குளிரும் என்று இப்போது சொல்கிறவர்கள் ஒரு நாள் வந்து அந்த இலையைக் கழுவிப் பார்க்கட்டும்.

எனக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தது ஒரு வெள்ளைக்காரர். பாதாளத்தில், சுரங்கத்துக்குள் வேலை வாங்குகிற கேப்டனாக இருந்தவர். நெஞ்சில் கல்தூசி அடைத்துப்போனதும் கம்பெனி அவரை மேலே ஏற்றி, தோட்டத்தையும் சாக்கடையையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் அவர் கேப்டன் துரை. மற்ற துரைகள் போல் கத்த மாட்டார். கத்த மூச்சு இல்லை என்பது ஒரு காரணம். வெடி மருந்தை அடைக்கிற மரக்குச்சியைத்தான் கைத்தடியாக வைத்திருப்பார். நாம் குழி வெட்டுகிற இடத்தில் வந்து நிற்பார். பேச மாட்டார். நாம் தப்பாகச் செய்தால் குச்சியால் தரையை ஒரு தட்டு. மறுபடி தட்டினால் அன்றைக்கு நமக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போகலாம். மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவார். அருவருப்பாக இருக்கும். பழகிய பிறகு நானும் செய்தேன்.

அவருக்குத் தெரிந்த தமிழ் ரொம்பக் கொஞ்சம். அதில் இரண்டு கேள்விகள் மட்டும் சுத்தமாக வரும். எந்த இடத்தில் தோட்டம் போடச் சொன்னாலும், எவ்வளவு பெரிய துரை சொன்னாலும், நடுவில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கேட்பார்.

"தண்ணி எங்கேருந்து வருது? எங்கே போவுது?"

இதற்குப் பதில் சொல்லாமல் ஒரு புல் நட விடமாட்டார். அவ்வளவுதான் அவருடைய சாஸ்திரம்.

மூட நம்பிக்கை நம் ஆட்களுக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பெரிய துரையின் சம்சாரம் சீமையிலிருந்து வந்தாள். வீட்டைச் சுற்றியுள்ள தோட்டம் மனசை அமைதிப்படுத்த வேண்டுமாம். பாதை நேராகப் போனால் மனசு படபடக்குமாம், அதனால் வளைந்து வளைந்து போக வேண்டுமாம். பாதையின் முடிவில் கல் பெஞ்சு. பெஞ்சில் உட்கார்ந்தால் ஷாஃப்டும் சிம்னியும் கண்ணில் படக் கூடாது என்று வரிசையாகச் சவுக்கு நடச் சொன்னாள். நட்டோம். சிம்னி மறைந்தது. ஸ்டாம்ப் மில்லின் இடி மறையுமா? கல்லை நொறுக்குகிற அந்தச் சத்தம் இரவும் பகலும் நின்றதே கிடையாது. எந்தத் தோட்டத்தில் உட்கார்ந்தாலும் பல் ஆடும். கோடை வந்தது, காற்று திரும்பியது, சவுக்கு முழுக்க வெள்ளைத் தூசி. அம்மா வெளியே வந்து பார்த்தாள். எங்கள் ஊரில் மார்கழியில் பனி விழுந்தால் மரம் இப்படித்தான் நிற்கும் என்று சொல்லி, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். நான் இலையைக் கழுவட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றாள். புருஷன் அரைத்த கல்தூசிதான் அது. அந்த அமைதியை அவள் எத்தனை நாள் சுவாசித்தாளோ.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. சிரிக்க முடியாத ஒன்று உண்டு. அது காண்ட்ராக்டர் துளசிங்கத்தின் வீட்டில் நடந்தது.

துளசிங்கம் எங்கள் பக்கத்திலிருந்து கூலியாட்களைக் கொண்டுவந்து கம்பெனிக்கு விடுகிறவர். கோரமண்டல் சுரங்கத்துப் பக்கமாக ஒரு சரிவில் வீடு கட்டியிருந்தார். சரிவின் மேல்பக்கம், வடகிழக்கில், மில். மில்லுக்கு ஒட்டினாற்போல் சயனைட் மண்மேடு. அரைத்த கல்லைச் சயனைட் தண்ணீரில் ஊறவைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்ச மண்ணை அங்கே கொட்டுவார்கள். அந்த வேலை அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. சரிவின் கீழ்ப்பக்கம், தென்மேற்கில், அவருடைய கிணறு. அதற்கும் கீழே அவருடைய கூலியாட்களின் லைன், தகரக் கொட்டகைகள். லைன் பெண்கள் எல்லோரும் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தார்கள். பாறைக்கு அடியிலிருந்து வருகிற ஆழத்து ஊற்று, நல்ல தண்ணீர். பருப்பு வேகும்.

காண்ட்ராக்டருக்கு இரண்டு குறை. ஒன்று, கூலியாட்கள் சொல்லாமல் ஓடிப்போனார்கள். இரண்டு, ஒரே மகன் ஏகாம்பரத்துக்குக் கல்யாணமாகிச் சில வருஷமாகியும் குழந்தை இல்லை. ஆட்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று லைனில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். ஆனால் அவர் வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மனையடிக்காரரைக் கூட்டி வந்தார். தோட்டத்தைத் திருத்த ஆள் வேண்டும் என்று கம்பெனியில் கேட்டு, ஓய்வு நாட்களில் வர எனக்கும் அனுமதி வாங்கினார்.

மனையடிக்காரர் நல்ல நிறம், நல்ல குரல், நல்ல வேட்டி. கயிறு போட்டு அளந்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"எல்லாம் தலைகீழா இருக்குது. ஈசானி மூலை பள்ளமா இருக்கணும், இங்க மேடா கீது. கன்னி மூலை மேடா இருக்கணும், இங்க பள்ளமா கீது. போதாக்குறைக்கு அதுல கிணறு வேற. கன்னி மூலையில கிணறு இருந்தா அந்த வீட்ல தொட்டில் ஆடுமா? நல்ல சக்தி எல்லாம் அந்தக் கிணத்து வழியா வடிஞ்சு லைனுக்குப் போவுது."

"இன்னா செய்யணும் சாமி?" என்றார் காண்ட்ராக்டர்.

"கிணத்தை மூடு. மேல குன்று மாதிரி எழுப்பு. ஈசானியை வெட்டி இறக்கி ஒரு குளம் எடு."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஐயா, சரிவு இயற்கையா அப்படித்தானே இருக்குது, அதைத் திருப்பினா மழைத்தண்ணி வாசல்ல வந்து நிக்குமே" என்றேன். மனையடிக்காரர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காண்ட்ராக்டர்தான் சொன்னார், "மேஸ்திரி, உன் வேலை செடி. செடியைப் பாரு."

சுரங்கத்திலிருந்து கழிவுக் கல் வண்டி வண்டியாக வந்தது. லைன் பெண்கள் குடத்தோடு வந்து கிணற்றைச் சுற்றி நின்றார்கள். "நாங்க எங்க போறது?" என்றாள் ஒருத்தி. "ஏரி எங்கேயும் ஓடிப்போவலையே" என்றார் காண்ட்ராக்டர். ஏரிக்கு நடந்து போய்வந்தால் பகல் பாதி போய்விடும். அவர்கள் கண்ணெதிரே கல் விழுந்தது. அந்தக் கல் தண்ணீரில் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் பிடிக்காது. கிணறு நிறைந்து, அதற்குமேல் குன்று எழும்பியது. அதன்மேல் நான் செம்பருத்தி வைக்க வேண்டுமாம், அதுதான் சக்தியைத் தடுத்து நிறுத்துமாம். வெறுங்கல்லில் செம்பருத்தி! வைத்தேன். செத்தது. மறுபடி வைக்கச் சொன்னார்கள்.

ஈசானி மூலையில் வெடி வைத்துக் குளம் எடுத்தார்கள். மேட்டைக் குடைந்து பள்ளமாக்கியதால் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் சுரந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். மனையடிக்காரர் கைகூப்பினார், காண்ட்ராக்டர் தேங்காய் உடைத்தார். கல்படி கட்டி, நான்கு பக்கமும் துளசி வைத்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன்.

கேப்டன் துரை ஒரு நாள் சாக்கடை பார்க்க அந்தப் பக்கம் வந்தவர், என்னைக் கண்டு உள்ளே வந்தார். குளத்தின் படியில் நின்றார். வழக்கம்போல் என்னைப் பார்த்து, "தண்ணி எங்கேருந்து வருது?" என்றார். அவரே குச்சியைத் தூக்கிச் சரிவின் மேலே வெள்ளையாக நின்ற சயனைட் மண்மேட்டைக் காட்டினார். மண்ணை வாயில் வைத்துப் பார்க்கிற மனிதர், அந்தத் தண்ணீரை விரலால்கூடத் தொடவில்லை. காண்ட்ராக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு இருமிக்கொண்டே போனார்.

"இன்னா சொன்னாரு?" என்றேன்.

"குடிக்கக் கூடாதாம். மாட்டைக் கட்டக் கூடாதாம். வெள்ளைக்காரனுக்கு ஈசானியைப் பத்தி இன்னா தெரியும்? நம்ம வீட்ல லட்சுமி வந்தா அவனுக்கு வயித்தெரிச்சல்."

மனையடிக்காரர் குளத்தில் மீன் விடச் சொன்னார். ஏரியிலிருந்து குஞ்சு கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் காலையில் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. காண்ட்ராக்டரின் முகம் தொங்கிப்போனது. மனையடிக்காரர் மட்டும் சிரித்தார்.

"பயப்படாதே. இந்த வீட்டு மேல எம்மாம் திருஷ்டி இருந்திருக்குது பாரு! அத்தனையும் மீன் வாங்கிக்கிச்சு. நல்ல சகுனம். இன்னும் விடு."

இன்னும் விட்டார்கள். அவையும் செத்தன. இன்னும் திருஷ்டி போனது. காண்ட்ராக்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார், எங்கள் வீட்டு மேல் இருந்த கண்ணைப் பாருங்கள், ஒரு கூடை மீன் தாங்கவில்லை என்று. நோயாளி செத்தால் நோய் போய்விட்டது என்று சொல்கிற வைத்தியனை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். துளசியின் அடியிலை கருகியது. அதுவும் திருஷ்டி.

பிறகு பசு. காண்ட்ராக்டர் வீட்டுச் செவலைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்ப் படியிலிறங்கிக் குடித்தது. மேலே ஏறக்கூட இல்லை. படியிலேயே மூச்சு முட்டி விழுந்து, காலை உதைத்து அடங்கிப்போனது. நான் பக்கத்தில்தான் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். அதன் கண்ணைப் பார்த்த பிறகு எனக்குக் கை ஓடவில்லை.

அந்த வீட்டின் மருமகள் பச்சையம்மா ஓடி வந்தாள். மாமியார் இல்லாத வீடு, எல்லாப் பொறுப்பும் அவள் தலையில். அந்தப் பசுவைக் கறக்கிறவளும் அவள்தான். அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மனையடிக்காரர் வந்தார். பசுவை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இந்த வீட்ல ஒரு உயிர் போவ வேண்டியிருந்தது. கோமாதா வாங்கிக்கிச்சு. கண்டம் தீர்ந்தது. இனிமே குளம் முழுக்க அமிர்தம்." பிறகு பச்சையம்மாவைப் பார்த்து, "அம்மா, வர்ற வெள்ளிக்கிழமையிலேருந்து ஒரு மண்டலம், விடியக்காலையில ஈசானியைப் பார்த்து நின்னு, இந்தத் தண்ணியை மூணு கை குடி. தொட்டில் ஆடலைன்னா என்னை வந்து கேளு" என்றார்.

செத்த பசு அங்கேயே கிடக்கிறது. அதன் வாயோரம் இன்னும் ஈரம். அதே தண்ணீரை இந்தப் பெண் குடிக்க வேண்டும். மாமனாரைப் பார்த்தேன். அவர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். ஏகாம்பரம் தகப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் பிறந்ததிலிருந்து பார்த்தது அந்த முகத்தைத்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் கருகிய துளசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பச்சையம்மா வந்து நின்றாள்.

"மேஸ்திரி, அன்னிக்கி அந்தத் துரை உங்களாண்ட இன்னா கேட்டாரு?"

"தண்ணி எங்கேருந்து வருதுன்னு கேட்டாரும்மா. எப்பவும் அது ஒண்ணு கேப்பாரு, எங்க போவுதுன்னு ஒண்ணு கேப்பாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"யாரு குடிக்கிறதுன்னு கேக்க மாட்டாரா?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அம்மா, குடிக்காதீங்க. உங்க காலைப் புடிச்சிக் கேக்கறேன். உங்க அப்பா வீட்டுக்குப் போயிடுங்க."

"குழந்தை பெக்கப் பயந்துக்கினு ஓடிட்டாள்னு பேரு வரும். எங்க அப்பா தலை குனியறதா?" என்றாள். குரலில் அழுகை இல்லை. கோபம்தான் இருந்தது. "வெள்ளிக்கிழமை நீங்க காலையில வந்துடுங்க. சாட்சிக்கு ஒரு ஆளு இருக்கட்டும்."

எதற்குச் சாட்சி என்று அவள் சொல்லவில்லை. அன்றிரவு நான் தூங்கியிருந்தால் நான் மனிதனே இல்லை.

விடியும்போது போய்விட்டேன். குளக்கரையில் குத்துவிளக்கு. பழம், பூ, ஊதுவத்தி. மனையடிக்காரர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். காண்ட்ராக்டர் பட்டுத் துண்டு போட்டிருந்தார். ஏகாம்பரம் அவர் பின்னால். வேலைக்காரர்களும், ஏரிக்குத் தண்ணீருக்குப் புறப்பட்ட லைன் பெண்கள் சிலரும் வேலிக்கு வெளியே நின்றார்கள். பச்சையம்மா தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, ஒரு செம்போடு வந்தாள். படியில் இறங்கி, செம்பு நிறைய மொண்டாள். விளக்கொளியில் அந்தத் தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தது! ஓடிப்போய்த் தட்டிவிடலாம் என்று ஒரு காலை எடுத்துவிட்டேன்.

அவள் குடிக்கவில்லை. படியேறி வந்து, இரண்டு கையாலும் செம்பைப் பிடித்து, மனையடிக்காரர் முன்னால் குனிந்தாள்.

"சாமி, முதல்ல நீங்க தீர்த்தம் எடுத்துக்குங்க. பெரியவங்க எடுத்தப்புறம்தானே நாங்க எடுக்கணும்."

மந்திரம் நின்றது. "இது சுமங்கலி குடிக்கிற தண்ணிம்மா. நான் குடிச்சா பலிக்காது."

"அமிர்தம்னு சொன்னீங்களே சாமி. அமிர்தத்துல ஆம்பளை பொம்பளை உண்டா?"

"இன்னிக்கி எனக்கு விரதம்."

"தீர்த்தத்துக்கு விரதம் ஏது?"

அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். அந்த ஓர் அடியை அங்கே நின்ற எல்லோரும் பார்த்தோம். பச்சையம்மா திரும்பிப் புருஷனிடம் நீட்டினாள்.

"குழந்தை நம்ம ரெண்டு பேருக்கும்தானே? ஆளுக்குப் பாதி."

ஏகாம்பரம் அப்பா முகத்தைப் பார்த்தான். இந்தத் தடவை அங்கேயும் அவனுக்கு எதுவும் எழுதியிருக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அவள் அவனை ஒரு நொடி பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு அவன் எப்படி அந்த வீட்டில் சோறு தின்றான் என்று எனக்குத் தெரியாது. அடுத்து மாமனாரிடம் போனாள்.

"மாமா, வீடு உங்களுது. ஈசானியும் உங்களுது. பேரப்பிள்ளையும் உங்களுக்குத்தான் வேணும். ஒரு வாய் குடிச்சிட்டுக் குடுங்க, மிச்சத்தை நான் குடிக்கிறேன். சத்தியம்."

காண்ட்ராக்டரின் கை செம்பு வரைக்கும் வந்தது. அது உண்மை, நான் பார்த்தேன். தண்ணீரைப் பார்த்தார். பசு விழுந்த படியைப் பார்த்தார். கை கீழே இறங்கிவிட்டது. கூலியாட்களை மிரட்டுகிற கை அது.

"அப்ப உங்க மூணு பேருக்கும் தெரியும்" என்றாள். "தெரிஞ்சும் என்னைக் குடிக்கச் சொன்னீங்க."

மில்தான் இடித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் காண்ட்ராக்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். தோற்றுப்போன மனிதன் ஏதாவது உத்தரவு போட்டால்தான் நிமிர முடியும். "சரி, சரி. நம்ம வீட்டுக்கு ஒத்துக்கலைன்னா வேணாம். மேஸ்திரி, குளத்துலேருந்து ஒரு வாய்க்கா வெட்டி லைனுக்கு விட்டுடு. தண்ணி இல்லைன்னு கத்திக்கினு கீதுங்களே, அதுங்க எடுத்துக்கட்டும்."

இதை நான் கற்பனையில் எழுதவில்லை. ஒரு மனிதன், விளக்கு எரியும்போது, பாதியில் நின்ற மந்திரம் முடியும் முன், அவன் வீட்டு மருமகள் குடிக்கக் கூடாத தண்ணீரை அவன் ஆட்களின் குழந்தைகள் குடிக்கட்டும் என்றான். வேலிக்கு வெளியே அந்தக் குழந்தைகளின் தாய்மார்கள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். இதுதான் அந்தத் தோட்டத்தின் நல்ல சக்தி.

"நான் வெட்ட மாட்டேன் ஐயா" என்றேன். அவர் என்னை அடித்திருப்பார். அதற்குள் பச்சையம்மா செம்பைத் தரையில் கவிழ்த்தாள். தண்ணீர் காண்ட்ராக்டரின் காலடிக்கு ஓடியது. அவர் துள்ளி விலகினார்.

"மாமா, இன்னிக்கி ரயிலுக்கு நான் ஊருக்குப் போறேன். எங்க அப்பா ஊர் ஊரா நடந்து, 'என் பொண்ணைக் குடுத்த எடம், நம்பிப் போங்க'ன்னு சொல்லித்தானே உங்களுக்கு ஆள் அனுப்பறாரு? இங்க நடந்ததை அப்படியே அவருக்குச் சொல்லுவேன். அப்புறம் ஒரு ஆளாவது பங்காருபேட்டை டேஷன்ல எறங்கறானா பாருங்க."

காண்ட்ராக்டருக்குக் குழந்தை பற்றி, பசு பற்றி, சாவு பற்றிப் புரியாததெல்லாம் இது ஒன்றில் புரிந்துவிட்டது. "இன்னாம்மா வேணும் உனக்கு?" என்றார். குரல் தேய்ந்துபோயிருந்தது.

"பழைய கிணறு."

அவள் ரயில் ஏறவில்லை. மனையடிக்காரர்தான் ஏறினார். தாம்பூலத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனார் என்றார்கள். கன்னி மூலையில் எழுப்பிய குன்றைக் கல் கல்லாகப் பெயர்த்தோம். காண்ட்ராக்டரின் ஆட்கள் மட்டுமல்ல, லைன் பெண்களும் கூடையோடு வந்துவிட்டார்கள், கூப்பிடாமலே. தண்ணீர் தெரிந்ததும் ஒருத்தி குலவையிட்டாள். ஊற்று செத்திருக்கவில்லை. கேப்டன் துரை வந்து ஓரமாக நின்று பார்த்தார். பச்சையம்மா அவருக்கு முதல் செம்பை நீட்டினாள். அவர் கேள்வி ஏதும் கேட்காமல் குடித்தார். ஈசானிக் குளத்தை நான் கல்லால் நிரப்பினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மகிழ்ச்சியாக எதையும் மூடியதில்லை.

காண்ட்ராக்டர் திருந்தினாரா என்றால், இல்லை. நேரம் சரியில்லை, அந்த மனையடிக்காரன் அரைகுறை, முழுதும் தெரிந்தவன் ஒருவனைப் பார்க்க வேண்டும் என்றுதான் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். பச்சையம்மாவுக்குக் குழந்தை பிறந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். உயிரோடு இருந்தாள், ஐயா. அது போதாதா உங்களுக்கு?

குப்புசாமி, நீ கேட்ட காகிதம் இது. நேற்று நீ என்னைக் கூட்டிக்கொண்டு போன ராபர்ட்சன்பேட்டை வீட்டில் நடந்ததையும் எழுதி முடித்துவிடுகிறேன், நீ யாருக்காவது படித்துக் காட்டும்போது உதவும். அந்த வீட்டுக்காரர் படித்தவர், சட்டை போட்டவர், ஈசானி மூலையில் தொட்டி கட்டி வைத்திருந்தார். பக்கத்திலேயே கக்கூஸ் குழி. தொட்டியில் விட்ட சிவப்பு மீன் இரண்டு தடவை செத்துவிட்டதாம், மனையடி பார்த்தவர் எல்லாத் திருஷ்டியும் போய்விட்டது, இனி வீட்டில் உள்ளவர்கள் தினம் அதில் முகம் கழுவி வாய் கொப்பளிக்கலாம் என்று சொன்னாராம். மனையடி பார்த்தவரும் அங்கேதான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க அனுபவஸ்தர். உங்க அபிப்பிராயம் இன்னா?" என்றார் வீட்டுக்காரர்.

நான் மனையடிக்காரரைப் பார்த்துக்கொண்டே, "ஒரு செம்பு கொண்டு வாங்க" என்றேன்.